உங்கள் காலரைப் புரட்டிப் பார்ப்பவர்கள்

முதலில் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் சட்டையைப் பார்க்கிறவர்கள் சாதாரண மனிதர்கள். அவர்களை விட்டுவிடுவோம். முதலில் சட்டை, பிறகு கால்சட்டையின் அடிமடிப்பு, பிறகு தையல், பிறகு பொத்தான்களின் எண்ணிக்கை என்று வரிசையாகப் பார்த்து முடித்து, நேரம் மிச்சமிருந்தால் போனால் போகிறதென்று முகத்துக்கு வருகிறவர்கள் ஒரு தனி இனம். உடுப்பு ஞானிகள் என்று அவர்களுக்குப் பெயர் வைக்கலாம். நீங்களும் சந்தித்திருப்பீர்கள். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே உங்கள் பிடரிக்குப் பின்னால் கையை விட்டு, காலரைப் புரட்டி, உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் படித்து, "ம்ம்ம்…" என்று இழுப்பார்கள். அந்த 'ம்ம்ம்' இருக்கிறதே, அது எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த டாக்டர் போடுவது. அதற்குப் பிறகு அந்தச் சட்டைக்குள் இருப்பதற்கே உங்களுக்குக் கூச்சமாகிவிடும்.

இந்த இனம் எங்கும் உண்டு. ஆனாலும் ஆடை வடிவமைப்புக்குப் பேர்போன ஆண்ட்வெர்ப் நகரத்தில் அடர்த்தி கொஞ்சம் அதிகம். அவர்களில் நாம் பார்க்கப்போவது சில்கே ரூலான்ட்ஸ். வயது இருபது, ஆடை வடிவமைப்புக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கல்லூரியில் சேரும்வரை அவள் நல்ல பெண்ணாகத்தான் இருந்தாள். குளிர்ந்தால் ஸ்வெட்டர் போட்டாள், வியர்த்தால் கழற்றினாள். முதல் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு வியாழக்கிழமை ஞானம் வந்தது. வீட்டில் நிம்மதி போனது.

ஞானிகளின் பேச்சுக்கு அதிகச் சொற்கள் தேவையில்லை. மூன்று வாக்கியங்களை வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டலாம். முதலாவது: "இது என்ன சொல்ல வருது?" இது மனிதரைப் பார்த்துக் கேட்கப்படுவதல்ல, அவர் போட்டிருக்கும் துணியைப் பார்த்துக் கேட்கப்படுவது. இரண்டாவது: "இதை நீ தேர்ந்தெடுக்கல, உனக்காக யாரோ தேர்ந்தெடுத்துட்டாங்க." மூன்றாவது: "சுவாரசியமா இருக்கு." மூன்றாவதுதான் மரண தண்டனை.

காலையில் சாப்பாட்டு மேசையில் ஆரம்பிக்கும். சில்கேயின் அம்மா மார்லீன் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக வேலை பார்ப்பவள். நாள் முழுக்கப் பல்வலிக்காரர்களைச் சமாளித்துப் பழகியவள் என்பதால் மகளிடமும் நிதானம் தவறுவதில்லை.

"அம்மா, உன் ஸ்வெட்டர்ல ஏன் பூனை இருக்கு?"

"எனக்குப் பூனைன்னா பிடிக்கும்."

"பிடிக்கும்னு நீ நினைச்சுக்கிட்டு இருக்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னால எவனோ ஒருத்தன் ரூம்ல உட்கார்ந்து, இந்தக் குளிர்காலத்துல ஐம்பது வயசுப் பொம்பளைங்களுக்கெல்லாம் பூனை பிடிக்கணும்னு முடிவு பண்ணிட்டான். நீ போய் வரிசையில நின்னு வாங்கிட்ட."

"அவன் நல்லா இருக்கட்டும். ரொட்டியத் தின்னு, ஆறுது."

போக்கு, அதாவது ஊரெல்லாம் திடீரென்று ஒரே மாதிரி உடுத்த ஆரம்பிக்கும் அந்த வியாதி, பாமர ஜனங்களைத்தான் தாக்கும் என்பது ஞானிகளின் உறுதியான நம்பிக்கை. தாங்கள் தனித்துவமானவர்கள். தனித்துவத்துக்கு அடையாளமாகச் சில்கே பழந்துணிக் கடை ஒன்றில் கணுக்கால்வரை தொங்கும் சாம்பல் நிறக் கோட்டு ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினாள். மறுநாள் மழை. வகுப்புக்குப் போய்க் கோட்டைக் கழற்றி மாட்டப் போனால், கொக்கிகளில் ஏற்கெனவே கணுக்கால்வரை தொங்கும் சாம்பல் நிறக் கோட்டுகள் பத்தொன்பது. இருபத்திரண்டு பேர் கொண்ட வகுப்பு. மீதி இரண்டு பேர் அன்று விடுமுறை. அந்த வாரம் மட்டும் நான்கு முறை கோட்டு மாறிப்போய், கடைசியில் நர்சரிப் பிள்ளைகளுக்குச் செய்வதுபோல ஆளுக்கொரு பெயர்த் துண்டு தைத்துக்கொண்டார்கள். இருபத்திரண்டு தனித்துவங்கள், பெயர் எழுதி.

முதல் ஆண்டில் இறுக்கமான கால்சட்டை விடுதலையின் சின்னமாக இருந்தது. இரண்டாம் ஆண்டில் அகலமான கால்சட்டை விடுதலையின் சின்னம். நடுவில் விடுதலைக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. சில்கே அகலமாக ஒன்று வாங்கினாள். தொடையிலும் முழங்காலிலும் வெள்ளைப் பெயின்ட் தெறித்த கால்சட்டை; தெறித்தபடியே விற்பனைக்கு வந்தது. அதைப் போட்டுக்கொண்டு டிராம் நிறுத்தத்தில் நின்றபோது பக்கத்தில் நின்ற ஒரு நிஜப் பெயின்டர், ஏணியைத் தோள் மாற்றிக்கொண்டே, "எந்த பில்டிங்ல வேலை, தங்கச்சி? ஆள் இன்னும் எடுக்கிறாங்களா?" என்று கேட்டார். சில்கே அன்றிரவு தன் குறிப்பேட்டில் எழுதினாள்: 'உழைப்பின் அடையாளம் நுகர்வின் அடையாளமாக மாறும் புள்ளி எது?' அந்தப் பெயின்டருக்கு அவள் பதில் சொல்லவில்லை.

இனி அப்பாவுக்கு வருவோம்.

லூடோ ரூலான்ட்ஸ் டிராம் ஓட்டுநர். வாரத்தில் ஐந்து நாள் சீருடை. மீதி இரண்டு நாளும், சாயங்காலங்களிலும், விடுமுறையிலும், சைக்கிள் சங்கத்திலும், மாமியார் வீட்டிலும் ஒரே ஒரு கையில்லாத கோட்டு. கடுகு நிறம். நெஞ்சுக்குக் குறுக்கே ஊதாப் பட்டை. பதினேழு வருடங்களுக்கு முன் தூண்டில் சாமான் விற்கும் கடை ஒன்று மூடப்பட்டபோது வாங்கியது. லூடோ தன் வாழ்நாளில் ஒரு மீனைக்கூடப் பிடித்ததில்லை.

சில்கேயின் ஞானத்துக்கு அந்தக் கோட்டு தினசரிச் சித்திரவதையாக இருந்தது. "அப்பா, அந்தக் கோட்டு பொய் சொல்லுது. நீ மீன்பிடிக்கிறவன்னு சொல்லுது" என்பாள். "யாரும் என்கிட்ட மீன் கேக்கலையே" என்பார் லூடோ, சூப்பிலிருந்து தலை நிமிராமல். பழந்துணிப் பெட்டியில் அதை இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். இரண்டு முறையும் மார்லீன் எடுத்துத் துவைத்து மாட்டிவிட்டாள்.

ஜூன் மாதம் தேர்வு வந்தது. 'நுகர்வோரும் தேர்வும்' என்று ஒரு பாடம். ஒவ்வொரு மாணவரும் ஓர் உடுப்பைக் கொண்டுவந்து, வெளியிலிருந்து வரும் நடுவர் முன்னால் பத்து நிமிடம் பேச வேண்டும். மூன்றாம் ஆண்டுக்குப் போவதும் போகாததும் இதில்தான். மற்ற பிள்ளைகள் நல்ல வடிவமைப்பைத் தேடி அலைந்தார்கள். சில்கேக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. உதாரணம் வீட்டுக் கொக்கியில் தொங்கியது. 'தவறான தேர்வு: ஓர் ஆய்வு' என்று தலைப்பு வைத்தாள். நான்கு மாதம் நூலகத்தில் படித்து நாற்பத்தொரு பக்கம் எழுதினாள். அப்பாவிடம் தேர்வு நாளைச் சொன்னாளே தவிர, தலைப்பைச் சொல்லவில்லை. சொன்னால் ஆய்வுப் பொருளின் இயல்பு கெட்டுவிடும் அல்லவா?

தேர்வு நாளன்று, லூடோ குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கோட்டைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினாள். குளித்து வந்த லூடோ கோட்டைத் தேடினார். அலமாரியில் தேடினார், சைக்கிளுக்குப் பின்னால் தேடினார், குளிர்சாதனப் பெட்டியைக்கூட ஒரு தரம் திறந்து பார்த்தார்.

கல்லூரிக் கூடத்தில் அன்று யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். முன் வரிசையில் ஆசிரியை யோசியான். கறுப்பின் மேல் கறுப்புப் போட்டு அதன் மேல் கறுப்புச் சால்வை சுற்றுகிறவள். அவளுக்குப் பக்கத்தில் வெளி நடுவர் பெர்ட்ராம்; பெரிய வடிவமைப்பாளர், கண்ணாடியில்லாத மூக்குக்கண்ணாடி போடுகிறவர். வெறும் சட்டம்தான். அவ்வப்போது அதற்குள் விரலை விட்டுக் கண்ணைக் கசக்கிக்கொள்வார்.

சில்கே கோட்டை ஒரு பொம்மை உடலுக்கு மாட்டிவிட்டு ஆரம்பித்தாள். நன்றாகவே பேசினாள். கடுகும் ஊதாவும் ஒன்றையொன்று எப்படி வெறுக்கின்றன என்றாள். சிரிப்பு. மீன் பிடிக்காதவனின் மீன் கோட்டு என்பது நிறைவேறாத ஆண்மையின் புலம்பல் என்றாள். பெரிய சிரிப்பு. மலிவு என்ற ஒரே காரணத்துக்காக வாங்கப்பட்ட உடுப்பு, வாங்கியவனைப் பதினேழு வருடமாக அணிந்துகொண்டிருக்கிறது என்றாள். பெர்ட்ராம் சட்டத்தைக் கழற்றித் துடைத்தார். அந்தத் தெம்பில் நிமிர்ந்து பார்த்தாள் சில்கே. கடைசி வரிசையில் டிராம் சீருடை.

அப்பா. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, வெளிநாட்டுப் படம் பார்க்கிறவர்போல உற்றுக் கவனித்துக்கொண்டிருந்தார்.

சில்கேயின் விரல் ஏற்கெனவே படம் மாற்றும் பொத்தானை அழுத்திவிட்டிருந்தது. திரையில் அடுத்த படம் வந்தது: கோட்டைப் போட்டுக்கொண்டு சூப் குடிக்கும் ஓர் ஆள். யாரென்று தெரியாதிருக்க, குற்றவாளிகளுக்குப் போடுவதுபோல, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. பட்டைக்குக் கீழே அந்த மீசை, இரண்டு பக்கமும் தாராளமாக, நுனியில் ஒரு துளி சூப்போடு.

கூடம் திரையைப் பார்த்தது. பிறகு, யாரோ ஒருத்தி திரும்பியதில் எல்லோரும் திரும்பி, கடைசி வரிசை மீசையைப் பார்த்தது.

லூடோ மரியாதைக்காகக் கையைத் தூக்கி, "வணக்கம்" என்றார்.

"சில்கே," என்றாள் யோசியான் மெதுவாக, "அவர்கிட்ட கேட்டியா?"

"யார்கிட்ட?"

"போட்டிருக்கிறவர்கிட்ட. ஏன் வாங்கினாருன்னு."

நாற்பத்தொரு பக்கம். நான்கு மாதம். எதிரே உட்கார்ந்து தினமும் சூப் குடிக்கிற மனிதர். சில்கே, "இல்ல" என்றாள். அந்த ஒரு சொல் மட்டும்தான் அன்று அவள் நூலகத்தின் துணையில்லாமல் சொன்னது.

"அப்ப நாம கேட்டுடுவோம்" என்று பெர்ட்ராம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "ஐயா, முன்னால வாங்க. ஏன் இதை வாங்கினீங்க?"

லூடோ முன்னால் வந்து, பொம்மையின் தோளில் கோட்டை ஒரு தரம் நீவி நேராக்கினார். "கடையில நாலு கோட்டு இருந்துச்சுங்க. மூணுல ரெண்டு ரெண்டு பை. இதுல ஒன்பது."

"நிறம்?"

"நிறத்தை நான் பாக்கலைங்க. போட்டுக்கிட்டா அது எனக்குத் தெரியாதே. மத்தவங்களுக்குத்தான் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. பெர்ட்ராம் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார். தைரியம் வந்த லூடோ ஒவ்வொரு பையாகத் திறந்து காட்டினார். இது படிக்கிற கண்ணாடிக்கு. இது சைக்கிள் ட்யூப் ஒட்டுகிற பசைக்கு. இது மார்லீன் தொலைக்கிற சாவிக்கு மாற்றுச் சாவி. இது மயோனைஸ் பொட்டலத்துக்கு. "உருளைக்கிழங்கு வறுவல் வாங்கினா ஒரு கை போச்சுங்க. மத்த கோட்டுல ஜிப் போட ரெண்டு கை வேணும். இதுல ஒரு கை போதும், பாருங்க!" என்று ஒற்றைக் கையால் சரட்டென்று மேலே இழுத்துக் காட்டினார். பின் வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

"இந்த உள்பை?" என்று கேட்டாள் யோசியான்.

"அது இவளோடதுங்க. சின்னப் புள்ளையில குளிருச்சுன்னா இதுக்குள்ள கையை விட்டுக்குவா. இப்ப விடுறதில்ல. டார்ச் லைட்டு வச்சிருக்கேன்."

"அற்புதம்" என்று பெர்ட்ராம் எழுந்தேவிட்டார். "அழகை மறுக்கிற துணிச்சல்!"

"மறுக்கலைங்க. மறந்துட்டேன்."

தேர்வு முடிவு வெளியில் ஒட்டப்பட்டது. சில்கே தேறவில்லை. செப்டம்பரில் மறுபடி. நிபந்தனை ஒன்று: முப்பது பேரிடம் போய், ஏன் வாங்கினாய் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு வர வேண்டும். தன் கருத்து ஒரு வரிகூடச் சேர்க்கக் கூடாது.

அப்பாவும் மகளும் டிராமில் வீட்டுக்குத் திரும்பினார்கள். சீருடையில் பயணியாக உட்கார்ந்திருந்த லூடோவிடம் ஏறுகிறவர்கள் எல்லோரும் வழி கேட்டார்கள், எல்லோருக்கும் சொன்னார். சில்கே மடியில் கோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா. கோபமா?"

"கோபமெல்லாம் இல்ல. அந்தப் படத்துல என் கண்ணை ஏன் மறைச்ச?"

"யாருன்னு தெரியக் கூடாதுன்னு."

"மீசை?"

"மீசையை யோசிக்கல."

லூடோ கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டார்.

"நீ வருவேன்னு சொல்லவே இல்லையேப்பா. இன்னிக்கு உனக்கு வேலை நாளாச்சே."

"ஷிஃப்ட் மாத்திக்கிட்டேன். கோட்டைப் போட்டுட்டு வரலாம்னு காலைல தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கல. சரின்னு இதையே மாட்டிக்கிட்டு வந்தேன். நல்ல உடுப்புன்னு எனக்கு வேற என்ன இருக்கு?"

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு துணியைப் பற்றிச் சொல்ல சில்கேயிடம் ஒன்றும் இல்லை. பழக்கதோஷத்தில் கோட்டின் கழுத்தைப் புரட்டினாள். ஊரில் உள்ளவர்களின் காலரையெல்லாம் புரட்டியவள் இதை மட்டும் புரட்டிப் பார்த்ததே இல்லை. லேபிள் பதினேழு வருடத் துவைப்பில் வெறும் வெள்ளைத் துண்டாகியிருந்தது. படிக்க எழுத்தே இல்லை.

"மன்னிச்சிருப்பா."

"சரி, சரி. அடுத்த நிறுத்தத்துல இறங்கி வறுவல் வாங்குவோம். வறுவலை நீ பிடிச்சுக்கோ, காத்து அடிக்குது, நான் கோட்டைப் போட்டுக்கணும்."

இத்தோடு கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஞானம் என்பது ஜலதோஷம் மாதிரி. ஒரு வீட்டில் ஒருவருக்கு விடும்போது இன்னொருவருக்குப் பிடிக்கும்.

பெர்ட்ராம் இரண்டு வாரம் கழித்து லூடோவைக் கூப்பிட்டு முதலாண்டுப் பிள்ளைகளிடம் பேச வைத்தார். ஐம்பது பிள்ளைகள், சாம்பல் நிறக் கோட்டுகளில், வாய் பிளந்து கேட்டார்கள். ஒருத்தி கையெழுத்துகூட வாங்கினாள். லூடோ வீட்டுக்கு வந்தபோது நடையே மாறியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் சங்கத்துக்கு அவருடைய முப்பது வருட நண்பர் ஸ்டாஃப் புது மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். லூடோ பீர் குவளையை வைத்துவிட்டு எழுந்து, அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"சுவாரசியமா இருக்கு."

"என்னடா சுவாரசியம்?"

"ரெண்டே பை. இதை நீ தேர்ந்தெடுக்கல ஸ்டாஃப். உனக்காக யாரோ தேர்ந்தெடுத்துட்டாங்க."

"ஆமாடா, என் பொண்டாட்டி."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

ஸ்டாஃப் அன்று தன் பீருக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வீட்டு உடையில் மாடியிலிருந்து இறங்கிவந்த மார்லீனை, மேசையிலிருந்தபடியே தலையைச் சாய்த்துப் பார்த்தார் லூடோ. "இது என்ன சொல்ல வருது, மார்லீன்?"

"'உன் காபியை நீயே போட்டுக்கோ'ன்னு சொல்லுது."

சில்கே அந்தக் கோடை முழுக்க ஊரின் பெரிய கடைவீதியான மெயிரில் நோட்டோடு நின்றாள். பச்சைக் கால்சட்டை போட்டவர், "கால் குளிர்ந்துச்சு" என்றார். பளபளக்கும் கைப்பை வைத்திருந்தவள், "என் தங்கச்சி வாங்கிட்டா, நான் சும்மா இருக்க முடியுமா?" என்றாள். ஓய்வு பெற்ற ஒருவர், "மழை பேஞ்சுச்சு. நிக்கிற வரைக்கும் கடைக்குள்ள நின்னேன். சும்மா நின்னா நல்லா இருக்காதேன்னு ஒரு டை வாங்கினேன். இதோட பதினாலு டை" என்றார். ஒரு சின்னப் பெண், "நான் வாங்கல, இது அக்காவோடது. எழுதாதீங்க" என்று ஓடினாள். செப்டம்பரில் சில்கே முப்பது பதில்களையும் அப்படியே வாசித்தாள். தேறினாள். யோசியான் தன் சால்வைக்குள்ளிருந்து சிரித்ததாகக்கூடப் பேச்சு.

அவளுக்கு ஞானம் தெளிந்ததா என்று கேட்கிறீர்கள். முன்பு தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள், இரண்டு நிமிடத்தில் வேலை முடியும். இப்போது வாக்குமூலம் வாங்காமல் விடுவதில்லை. போன வாரம் பல் மருத்துவரின் வரவேற்பறையில் காலுறை வாங்கிய கதையைச் சொல்லச் சொல்லி ஒரு மனிதரை முக்கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டாள். அவருக்குப் பல்வலி.

நீங்கள் சிரித்தீர்கள். சிரிக்கலாம். நாம் அப்படியில்லை, நமக்கு உடுப்பு என்பது மானத்தை மறைக்க மட்டும்தான். போன மாதம் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் படிக்கட்டில் உங்களை நிறுத்தி, மகளுக்கு வேலை கிடைத்ததைப் பத்து நிமிடம் சொன்னாரே, என்ன வேலை? எந்த ஊரில்? நினைவில்லை. பரவாயில்லை. அவர் என்ன போட்டிருந்தார்? ஆங்… "இந்த வயசுல அந்த நிறமா, அதுவும் அந்த செருப்புக்கு" என்று வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சொன்னீர்களே, அது யாருடைய குரல்?

ஒன்றும் வெட்கப்பட வேண்டாம். உள்ளே வாருங்கள், நம் கூட்டம்தான். டிராம் வாசலை மட்டும் அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். உங்களுக்குப் பின்னால் இன்னும் நிறையப் பேர் ஏற வேண்டியிருக்கிறது.